எண்ணெய் வைக்காத வியாழக்கிழமைகள்

தலையில் கரண்ட் வைத்துக் கொடுக்கும் ஈசிடி என்ற மனநலச் சிகிச்சையில் நான் இருந்த நாட்களைப் பற்றியது இது. இதில் பாதி என் ஞாபகம். மீதி என் வீட்டுக்காரர் எழுதி வைத்த நோட்டு. பையன் ஒன்பதாம் வகுப்பில் கணக்குக்குப் போட்டுப் பாதியில் விட்ட நோட்டு அது. முன்பக்கம் முக்கோணமும் வட்டமுமாக இருக்கும். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் நான் இருப்பேன். முதல் பதிவு இப்படி: "திங்கள். 5.50க்கு எழுப்பினேன். பிபி மாத்திரை மட்டும், ஒரு மடக்குத் தண்ணி. பேச்சு இல்லை. கையைத் தூக்கி விட்டால் தூக்கினபடியே நிக்குது."

அந்தத் திங்கட்கிழமை என்னிடம் இல்லை. அதற்கு முந்தைய ஏழெட்டு வாரங்களும் ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கின்றன.

திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்குப் பார்க்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், 46 வயதில், முதலில் தூக்கம் போனது. பிறகு ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்தது: நான் ஏதோ ஒரு பில்லைத் தப்பாகப் பதிந்துவிட்டேன், அதனால் மில்லே மூடப்போகிறது, முந்நூறு குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது. ஆடிட்டர் வந்து ஒரு தப்பும் இல்லை என்று சொன்ன பிறகும் போகவில்லை. அவரும் நானும் கூட்டு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் சாப்பாடு நின்றது. ஒரு நாள் காலை அடுப்படியில் தோசைக்கரண்டியோடு நின்றவள் அப்படியே நின்றிருக்கிறேன். கல் காய்ந்து புகை கிளம்பி, அத்தை ஓடி வந்து கேஸை நிறுத்தும்வரை. கரண்டியை என் கையிலிருந்து பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம்.

அத்தைக்கு அது காத்துக் கருப்பு. குணசீலம் பெருமாளிடம் கூட்டிப்போனார்கள். அங்கே பூஜை முடிந்து முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். "கண்ணைக்கூட சிமிட்டலடி நீ, அப்பதான் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு" என்று அக்கா இப்போதும் சொல்வாள். நான் போனதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. மறுநாளே மதுரைக்கு வண்டி பிடித்தார்களே, அதில்தான் சந்தோஷம். சாமியையும் டாக்டரையும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிறுத்தாமல் இருந்தால் நிறைய வீடுகளில் ஒரு வருஷம் மிச்சமாகும்.

இப்படிப் பேச்சும் அசைவும் உறைந்துபோகும் என் நிலைக்குக் கேட்டடோனியா என்று பெயர். அதற்கு எடுத்த எடுப்பில் கரண்ட் வைப்பதில்லை. முதலில் லோராசிபாம் என்ற தூக்க மருந்து வகை ஊசி. நோட்டில்: "ஊசி போட்டு 20 நிமிஷத்தில் தண்ணி கேட்டாள். பையன் சாப்பிட்டானா என்றாள். இரண்டு மணி நேரம். திரும்பவும் பழையபடி." ஐந்து நாள் அப்படி ஓடியது. மூக்கில் டியூப் போட்டுத்தான் கஞ்சி. எடை 51லிருந்து 43. அதற்குப் பிறகுதான் டாக்டர் ஈசிடி என்ற பேச்சை எடுத்தார்.

வார்டில் ஒரு ஆயா, எல்லார் முன்னாடியும், "இவுகளுக்கு நாளைக்குக் கரண்ட் வைக்கிறாக" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். அக்கா அழுது, பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று நின்றிருக்கிறாள். சினிமாவில் பார்த்ததெல்லாம் அவள் கண்ணில் ஓடியிருக்கும்: கட்டிப்போட்டு, கத்தக் கத்த, பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தக் காட்சி முழுப் பொய்யும் இல்லை. 1938இல் ரோமில் உகோ செர்லெட்டியும் லூசியோ பினியும் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது. வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. முதல் நோயாளி ரயில் நிலையத்தில் குழறிக்கொண்டு திரிந்த ஒரு மனிதர். கசாப்புக்கூடத்தில் பன்றிகளை வெட்டும் முன் மின்சாரம் வைத்து மயங்க வைப்பதைப் பார்த்துத்தான் செர்லெட்டிக்குத் தைரியம் வந்தது. இந்தப் பன்றிக் கதையை நான் பின்னால் படித்துவிட்டு அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இன்று நம் நாட்டில் அப்படிக் கொடுக்கவே கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாத ஈசிடியைத் தடை செய்திருக்கிறது. அவசரச் சிகிச்சை என்ற பெயரில் சம்மதமில்லாமல் கொடுக்கவும் இடமில்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் காப்பாளர் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். நான் பேசும் நிலையில் இல்லாததால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மூளை கெட்டுப்போயிருமா சார்?" டாக்டர், கெடாது என்று சொல்லிவிட்டு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்தத் தாளும் நோட்டில் ஒட்டியிருக்கிறது. ஒரு தலை, இரண்டு பக்கமும் வட்டம், பக்கத்தில் "வலிப்புதான் மருந்து, கரண்ட் அதை வரவைக்கும் சாவி" என்று எழுதியிருக்கிறது. மூளைக்குள் அந்த வலிப்பு என்ன செய்து மனசைத் திருப்புகிறது என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் முழுப் பதில் கிடையாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதனாலேயே வீட்டுக்காரருக்கு அவர்மேல் நம்பிக்கை வந்ததாம்.

ஈசிஜி, ரத்தம், எக்ஸ்ரே, மயக்க டாக்டர் பார்ப்பது என்று சோதனைகள் இரண்டு நாளில் முடிந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்.

தலை எண்ணெய் முதலாவது. நம் வீடுகளில் உடம்பு முடியாத பெண்ணுக்கு முதலில் செய்வது தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிப் பின்னுவது. அக்கா முதல் நாள் அதைத்தான் செய்திருக்கிறாள், கண்ணீரோடு. எண்ணெய் இருந்தால் கரண்ட் செலுத்தத் தலையில் வைக்கும் பட்டை சரியாகப் பதியாது. ஸ்பிரிட்டை வைத்துத் துடைத்துத் துடைத்து, அன்றைக்கு அரைமணி நேரம் தாமதம். முந்தின நாளே தலைக்குக் குளித்து, முடியைக் காயவிட்டு, தளர்வாக ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் போதும். ஹேர்பின் வேண்டாம். பூ வேண்டாம். நகத்தில் பாலிஷும் மருதாணியும் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் சரியாகக் காட்டாமல் போகலாம்.

மூக்குத்தி. 20 வருஷமாகக் கழற்றாத திருகு. ஆஸ்பத்திரிக் குளியலறையில் சோப்பு நுரை போட்டு, நூலைச் சுற்றி, அக்காவும் ஒரு சிஸ்டரும் சேர்ந்து எடுத்திருக்கிறார்கள். வீட்டிலேயே ஆசாரியிடம் காட்டித் தளர்த்திவிட்டு வருவது நல்லது. தாலி விஷயத்தில் அத்தைக்குப் பெரிய கலக்கம். அந்தச் சிஸ்டரே, "கழற்ற வேணாம்மா, பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கலாம்" என்று சொல்லி முடித்துவிட்டார். கேட்டால் வழி சொல்கிறார்கள். கேட்காமல் வீட்டிலேயே சண்டை போட்டுக்கொள்வதுதான் நம் வழக்கம். ஆடும் பல்லோ கட்டிய பல்லோ இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாடை இறுகும்போது நாக்கைக் காப்பாற்ற வாயில் ஒரு ரப்பர் கட்டை வைப்பார்கள்.

காபி. மூன்றாவது தடவை ரத்தானதற்குக் காரணம் அரை டம்ளர் காபி. "வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போறாகளே, பாவம்" என்று அத்தை விடிகாலையில் எனக்கு ஊட்டிவிட்டிருக்கிறார். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, ஜாக்கெட்டில் காபிக் கறை பார்த்து மயக்க டாக்டர் கேட்டுவிட்டார். நோட்டில் அன்றைக்கு ஒரே வரி: "காபி. திரும்பி வந்தோம். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லலை." பட்டினி ஏன் என்பதை வீட்டில் மூத்தவர்களுக்குக் காரணத்தோடு சொல்லுங்கள். "டாக்டர் கூடாதுன்னாரு" என்று மட்டும் சொன்னால் பாசம் அதைத் தாண்டிவிடும்.

மாத்திரைகளில் எது உண்டு, எது இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு பிபி மாத்திரை ஒரு மடக்குத் தண்ணீரில் உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குக் காலை மருந்தைத் தள்ளிவைப்பார்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை வகைகள் வலிப்பையே தடுக்கும் என்பதால் அவற்றைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். இதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது, நாமாகச் செய்யக் கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது என்பது பிந்தைய தடவைகளில் எனக்கே தெரியும். சாய்ந்து படுக்க வைப்பார்கள். நெற்றிப் பொட்டில் சில்லென்று ஒரு பசை. முகத்தில் மாஸ்க், ரப்பர் வாசம், "நல்லா மூச்சு இழுங்கம்மா." கையில் பால் மாதிரி வெள்ளை மருந்து ஏறும், ஏறும்போது முழங்கைவரை எரியும். சிஸ்டர் காலில் பிபி பட்டையைக் கட்டுவார். கையில் கட்டுவதைக் காலில் ஏன் கட்டுகிறார்கள் என்று ஒரு நாள் கேட்டேன். தசை தளர்த்தும் மருந்து உடம்பு முழுக்கப் போய்விட்டால் வலிப்பு வந்ததா இல்லையா என்று வெளியே தெரியாது. அதனால் மருந்து ஏறுவதற்கு முன் கணுக்காலுக்கு மேலே பட்டையை இறுக்கி, அந்தப் பாதத்துக்கு மட்டும் மருந்து போகாமல் தடுத்துவிடுகிறார்கள். "உங்க உடம்புல அந்த ஒரு பாதம் மட்டுந்தான்கா ஆடும்" என்றார். கரண்ட் போவது சில விநாடி. வலிப்பு அரை நிமிஷம், முக்கால் நிமிஷம். நோட்டில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் விநாடி எழுதியிருக்கிறது: 38, 41, 35. வீட்டுக்காரர் அதைப் பையன் மார்க் மாதிரி கேட்டு எழுதியிருக்கிறார்.

எழுந்தால் தலைவலி, தாடை வலி. முதல் தடவைக்குப் பிறகு உடம்பெல்லாம் களையெடுத்தது போல வலித்தது, பாரசிட்டமால் போதுமாயிருந்தது. எழுந்த ஒரு மணி நேரத்துக்கு எந்த ஊர், என்ன கிழமை என்பது பிடிபடாது. அந்த நேரத்தில் கூட இருப்பவர் "இது யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காமல் இருந்தால் புண்ணியம். வீட்டுக்காரர் ஒரே வாக்கியத்தை வைத்திருந்தார்: "மதுரையில இருக்கோம், சிகிச்சை முடிஞ்சுது, பையன் நல்லாருக்கான்." நான் பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவையும் அதே வாக்கியம், அதே குரல்.

இரண்டாவது முடிந்து அன்று சாயங்காலம் டியூபைப் பிடுங்கியிருக்கிறேன். நான்காவதுக்குப் பிறகு, "சாம்பாருல உப்பு இல்ல" என்று சொல்லியிருக்கிறேன். நோட்டில் அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு. பேச்சு திரும்பியதும் டாக்டர் என்னிடமே மறுபடி எல்லாவற்றையும் விளக்கி, இனி உங்கள் சம்மதம்தான் என்று கையெழுத்து வாங்கினார். கோணல்மாணலாக இருக்கும் அந்தக் கையெழுத்து. என்னை மறுபடி ஒரு ஆளாக முதலில் நடத்தியது அந்தத் தாள்தான்.

இனி நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். சம்மதப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: "தற்காலிக ஞாபக மறதி ஏற்படலாம்." அந்தத் தற்காலிக என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. புதிதாக ஒன்றைக் கேட்டால் மனசில் நிற்காதது தற்காலிகம்தான். சில வாரங்களில் சரியாகிவிட்டது. ஆனால் சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் நடந்தவற்றில் சில வந்தன, சில வரவேயில்லை. அக்கா மகள் கல்யாணம் அந்த இடைவெளியில் நடந்தது. ஆல்பத்தில் பச்சைப் பட்டில் நிற்கிறேன், நலங்கு வைக்கிறேன், யாரிடமோ பேசிச் சிரிக்கிறேன்கூட. பார்க்கும்போது இன்னொருத்தியைப் பார்ப்பது போலிருக்கிறது. நோயே அந்த நாட்களை மங்கலாக்கியிருக்கும், பழி முழுக்க ஈசிடிக்கு இல்லை என்றார் டாக்டர். இருக்கலாம். போனது போனதுதான்.

ஒரு சிநேகிதி என்னோடு பேசுவதில்லை. அந்த மாசத்தில் நான் அவளைக் கடுமையாக ஏதோ சொல்லியிருக்கிறேன். என்ன சொன்னேன் என்று அவளும் சொல்ல மாட்டேன் என்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று தெரியாமல் கேட்கும் மன்னிப்பு அவளுக்குச் செல்லவில்லை.

சிரிக்கவும் ஒன்று இருக்கிறது. ஏழு மாசம் கழித்து அரிசி டிரம்மின் அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரில் 6,000 ரூபாய் வந்தது. நான்தான் ஒளித்து வைத்திருக்க வேண்டும். அத்தைக்குப் பெருமாள் கொடுத்தது.

ஆக, நேரம் இருந்தால், சிகிச்சை தொடங்குமுன் எழுதிவையுங்கள். ஏடிஎம் பின் நம்பர் பாதுகாப்பாக ஓரிடத்தில், கொடுக்கல் வாங்கல், சீட்டுப் பணம் யாரிடம், அடகுச் சீட்டு எங்கே, கேஸ் புக், ஆபீஸ் பாஸ்வேர்டு. நான் டேலி பாஸ்வேர்டை மறந்து மில்லில் இரண்டு நாள் வேலை நின்றது. போட்டோ எடுத்து, பின்னால் தேதி போடுங்கள். கூட இருப்பவர் தினமும் நாலு வரி எழுதட்டும், மருந்து மட்டுமில்லை, யார் வந்தார், என்ன பேசினோம் என்பதையும். ஐந்தாவதுக்குப் பிறகு மறதி அதிகம் என்று வீட்டுக்காரர் நோட்டைக் காட்டிச் சொன்னதால்தான் டாக்டர் வாரம் மூன்று என்பதை இரண்டாக்கினார். தலையில் பட்டை வைக்கும் இடத்தை மாற்றுவது, வலது பக்கம் மட்டும் கொடுப்பது என்றும் வழிகள் உண்டு. சொன்னால்தான் மாற்றுவார்கள். குணமாகி வருகிறபோது குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

எட்டு தடவையில் முடிந்தது. முடிந்த வாரமே வேலைக்குப் போனது என் முட்டாள்தனம். ஒரே பில்லை இரண்டு முறை பதிந்தேன், எந்தத் தப்பை நினைத்துப் பயந்து நோயில் விழுந்தேனோ அதையே. மூன்று வாரமாவது விடுப்பு எடுங்கள். அதுவரை ஸ்கூட்டி ஓட்ட வேண்டாம், பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

இன்னொரு தப்பும் செய்தேன். நோய் திரும்பாமல் இருக்கக் கொடுத்த லித்தியம் மாத்திரையை, நன்றாகிவிட்டது என்று நானே நிறுத்தினேன். கை நடுங்கி எண்கள் கோணலாக விழுந்தது பிடிக்கவில்லை. ஐந்தாம் மாதம் தூக்கம் போனது. ராத்திரி 2 மணிக்கு வீட்டுக்காரர் 14416க்கு அடித்தார், அரசின் டெலி மானஸ் எண். தமிழில் பேசினார்கள், காலையில் ஆஸ்பத்திரி போகும்வரை என்ன பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். 2001இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வை டாக்டர் பின்னால் சொன்னார்: ஈசிடியில் குணமானவர்களை மருந்தில்லாமல் விட்டதில் 6 மாதத்துக்குள் 84 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தவர்களில் 60, அதோடு லித்தியமும் சேர்த்தவர்களில் 39. ஈசிடி குழியிலிருந்து தூக்கிவிடும், மறுபடி விழாமல் பிடிப்பது மாத்திரை என்பதை இந்த எண்களோடு முதலிலேயே சொல்லியிருந்தால், நடுக்கத்தைப் பற்றிப் புலம்பியிருப்பேன், நிறுத்தியிருக்க மாட்டேன். அளவைக் குறைத்ததும் நடுக்கம் குறைந்துவிட்டது.

இரண்டாம் முறை பேச்சு போகுமுன்னே நானே கையெழுத்துப் போட்டேன். ஆறு தடவை. அதன்பிறகு மாசம் ஒரு முறை, நோய் திரும்பாமல் இருக்க, பராமரிப்பு ஈசிடி. பேசமுடியாத நிலை வந்தால் எனக்கு என்ன செய்யலாம், என்ன கூடாது, யார் முடிவெடுப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. எழுதிவைத்திருக்கிறேன். ஈசிடி கொடுக்கலாம், எனக்குப் பதில் வீட்டுக்காரர் முடிவெடுக்கலாம், வார்டில் சத்தமாகச் சொல்லக் கூடாது. கடைசி வரியைப் பார்த்து டாக்டர் சிரித்தார், ஆனால் அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் "மனநோய்க்கெல்லாம் கிடையாதுங்க" என்றார். உடம்பு நோய்க்குக் கொடுப்பது போலவே மனநோய்க்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. அதை எழுத்தில் காட்டிக் கேட்ட பிறகு, இரண்டாம் முறை செலவில் பெரும்பகுதி வந்தது. முதல் முறை கேட்கவே இல்லை. வெளியே தெரிந்துவிடும் என்ற வெட்கம்.

இன்று புதன். தலைக்குக் குளித்துவிட்டு, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் நோட்டில் முந்தின நாள் பக்கத்தை நான் எழுதுகிறேன், மறுநாள் பக்கத்தை அவர். உள்ளேயிருந்து அத்தை குரல்: "தாயி, பிளாஸ்க்கைக் கழுவி வச்சிருக்கேன். நாளைக்கு நானும் வாரேன். எல்லாம் முடிஞ்சு அந்தச் சிஸ்டர் சரின்னு சொன்னதுக்கப்புறம் குடி." அத்தை காபித்தூள் டப்பாவை எடுத்துத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.